ஆப்பிரிக்க வம்சாவளியினரின் வரலாறு எப்படிப் பாதுகாக்கப்படுகிறது? ஓர் எளிய விளக்கம்

1860ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கென்று தனிப் படிவம் ஒன்று இருந்தது. அதில் முதலில் உடைமையாளரின் பெயர் எழுதப்பட்டது. அவரிடம் இருந்த ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டது. அந்த வரியில் வயது, பால், நிறம் ஆகியவை இருக்கும். தப்பியோடியவரா, பார்வையற்றவரா என்பதுகூட இருக்கும். மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெயர் மட்டும் இருக்காது. ஏறத்தாழ 40 லட்சம் பேர் இவ்வாறு பெயரில்லாமல் எண்ணப்பட்டார்கள். விடுதலை கிடைத்தபின் எடுக்கப்பட்ட 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அவர்கள் பெயரோடும் குடும்பத்தோடும் பதிவானார்கள். இன்று தம் முன்னோரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் பலர் 1870 வரை ஓரளவு எளிதாகச் சென்றுவிட்டு, அதற்கு மேல் வழியின்றி நின்றுவிடுகிறார்கள். குடும்ப வரலாற்று ஆய்வாளர்களிடையே அந்த ஆண்டுக்கு ‘சுவர்’ என்றே பெயர்.

ஆப்பிரிக்க மக்களின் வரலாற்றையும், ஆப்பிரிக்காவிலிருந்து பிற நிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுடைய வரலாற்றையும் பாதுகாப்பது என்று சொல்லும்போது, அருங்காட்சியகங்களும் ஆண்டுதோறும் நடக்கும் விழாக்களும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை இரண்டும் தனித்தனி வேலைகள் என்றும், பாதுகாப்பது அறிஞர்களின் பொறுப்பு, கொண்டாடுவது பொதுமக்களின் மகிழ்ச்சி என்றும் பலர் எண்ணுவதுண்டு. இந்தத் துறையின் நூறாண்டு அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. இங்கே சான்றுகளில் பெரும்பகுதி அரசுக் காப்பகங்களில் இல்லை. மக்களின் வீடுகளிலும் நினைவிலும் மண்ணுக்கடியிலும் கிடக்கிறது. அதை வெளியே வரவழைக்கும் ஆற்றல் பல நேரங்களில் கொண்டாட்டத்துக்குத்தான் இருந்திருக்கிறது.

ஆவணம் யாருடைய கையில் இருந்தது

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1860கள் வரை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம். உயிரோடு கரையிறங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம். இந்த எண்கள் ஊகத்தில் பிறந்தவை அல்ல. கப்பல் முதலாளிகளும் காப்பீட்டாளர்களும் சுங்க அலுவலர்களும் தத்தம் தேவைக்காக எழுதிவைத்த கணக்குகளை, பல நாட்டு வரலாற்றாய்வாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்துத் தொகுத்ததால் கிடைத்தவை. 36,000க்கும் மேற்பட்ட பயணங்களின் விவரங்கள் கொண்ட அந்தத் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆக, ஆவணமே இல்லை என்பதல்ல சிக்கல். ஆவணம் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது மனிதரைச் சரக்காகக் கருதியவர்களின் கணக்கு. தோட்ட முதலாளியின் பேரேட்டில் ஒருத்தியின் விலை இருக்கும், அவள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கும். அவள் பேசிய மொழியோ, அவளுடைய தாயின் ஊரோ இருக்காது. அந்தப் பேரேட்டையே வேறொரு கண்ணோடு படிப்பது இத்துறையின் முதல் வேலை. ஒரே வயதுள்ள ஒரு பெண் ஒரு முதலாளியின் உயிலிலும், அவருடைய மருமகனின் வரிப் பட்டியலிலும், பின்னர் ஒரு விற்பனைப் பத்திரத்திலும் வருவதைக் கண்டு, மூன்றையும் கோத்துப் பார்த்தால் ஒரு வாழ்க்கையின் கோட்டுருவம் கிடைக்கும். பொறுமையை மிகவும் சோதிக்கும் வேலை இது.

விடுதலை பெற்றவர்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கிய இடங்களும் உண்டு. 1865இல் அமெரிக்க அரசு உருவாக்கிய விடுதலை பெற்றோர் நலத்துறையின் பதிவேடுகளில் திருமணங்கள், கூலி ஒப்பந்தங்கள், பள்ளிகள், புகார்கள் என எல்லாம் பெயரோடு இருக்கின்றன. கையெழுத்தில் இருந்த அந்தப் பதிவேடுகளை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒரே ஆண்டளவில் படித்து, ஏறத்தாழ 18 லட்சம் பெயர்களைத் தேடக்கூடிய வடிவில் 2016இல் முடித்துக் கொடுத்தார்கள். அதைவிட நெஞ்சைத் தொடுவது நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து வெளிவந்த ஒரு கிறித்தவச் செய்தித்தாளில் 1870களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘தொலைந்த நண்பர்கள்’ என்ற பகுதி. விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயை, தம்பியை, கணவனைத் தேடுவோர் அதில் விளம்பரம் கொடுத்தார்கள். சந்தாதாரர் அல்லாதவர்களுக்குக் கட்டணம் 50 சென்ட். போதகர்கள் அந்த விளம்பரங்களைத் தேவாலயத்தில் உரக்கப் படிக்க வேண்டும் என்று செய்தித்தாளே கேட்டுக்கொண்டது. யார் யாருக்கு விற்றார்கள், எந்த ஊரில் கடைசியாகப் பார்த்தார்கள், உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று அவற்றில் இருக்கும் விவரங்கள், முதலாளிகளின் பேரேடுகளில் எங்குமே கிடைக்காதவை. உறவைத் தேடி எழுதியது இன்று முதன்மைச் சான்றாக நிற்கிறது.

1926: ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

ஆர்துரோ ஷோம்பர்க் 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பின மக்களுக்கு வரலாறும் இல்லை, சாதனையும் இல்லை என்று பள்ளியில் ஆசிரியர் ஒருவர் சொன்னதே அவரைத் தேடலில் இறக்கியது என்பார்கள். 1891இல் நியூயார்க் வந்த அவர், பல ஆண்டுகள் ஒரு வங்கியின் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு பழைய புத்தகக் கடைகளில் தேடினார். தாய்மொழியான ஸ்பானிய மொழி தெரிந்ததால் ஐரோப்பாவிலும் கரீபியத் தீவுகளிலும் இருந்த புத்தக வணிகர்களோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் கிரனாடாவில் இலத்தீன் மொழியில் கவிதை எழுதிய கறுப்பினப் பேராசிரியர் ஹுவான் லத்தீனோவின் நூல், அடிமையாக இருந்தபடியே 1773இல் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட ஃபிலிஸ் வீட்லியின் படைப்புகள், வானியல் அறிந்த பெஞ்சமின் பேனகரின் பஞ்சாங்கங்கள், ஹெய்ட்டி விடுதலைப் போரின் தலைவர் தூசான் லூவர்த்யூரின் ஆவணங்கள் என்று அவருடைய வீடு நிறைந்தது.

1926இல் கார்னகி நிறுவனம் அளித்த 10,000 டாலரைக் கொண்டு நியூயார்க் பொது நூலகம் அந்தத் தொகுப்பை வாங்கி, ஹார்லெம் பகுதியின் 135ஆம் தெருக் கிளையில் வைத்தது. ஏறத்தாழ 5,000 நூல்கள், 3,000 கையெழுத்துப் படிகள், 2,000 செதுக்கு ஓவியங்கள், மேலும் பல ஆயிரம் துண்டு வெளியீடுகள் அதில் இருந்தன. கிடைத்த பணத்தில் ஷோம்பர்க் ஸ்பெயினுக்குப் பயணம் போய், செவில் நகரத்து ஆவணக் காப்பகத்தில் மீண்டும் தேடத் தொடங்கினார் என்பது அந்த மனிதரின் இயல்பைக் காட்டும். 1932 முதல் 1938இல் இறக்கும் வரை அதே தொகுப்புக்கு அவரே பொறுப்பாளராக இருந்தார். இன்று ஷோம்பர்க் ஆய்வு மையம் என்ற பெயரில் இயங்கும் அந்த இடத்தில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களும் பொருள்களும் உள்ளன.

அதே 1926ஆம் ஆண்டு பிப்ரவரியில், வாஷிங்டன் நகரில் இருந்த கார்ட்டர் உட்சன் என்ற வரலாற்றாசிரியர் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ என்று, அக்காலத்து வழக்கின்படி பெயரிட்டு, ஒரு கொண்டாட்டத்தைத் தொடங்கினார். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். 1915இல் சிகாகோவில் ஓர் ஆய்வுச் சங்கத்தையும் அடுத்த ஆண்டே ஓர் ஆய்விதழையும் நிறுவினார். ஆய்விதழைப் படித்தவர்கள் மிகச் சிலரே. எனவே ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாளான பிப்ரவரி 12ஐயும், அடிமைமுறையிலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் போராடிய ஃபிரெட்ரிக் டக்ளஸின் பிறந்த நாளாகக் கொள்ளப்பட்ட 14ஐயும் உள்ளடக்கிய வாரத்தைத் தேர்ந்தார். அந்த நாள்களைக் கறுப்பின மக்கள் முன்பிருந்தே கொண்டாடிவந்தார்கள். உட்சன் புதிதாக ஒரு திருநாளை யார் மீதும் திணிக்கவில்லை.

அந்த வாரத்துக்கு அவர் அனுப்பியவை வாழ்த்து மடல்கள் அல்ல. பாடத் திட்டங்கள், படங்கள், நடிக்கத்தக்க சிறு நாடகங்கள், நூற்பட்டியல்கள் ஆகியவற்றை இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அவருடைய சங்கம் அனுப்பியது. கூடவே, வீடுகளில் உள்ள பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் அனுப்பித் தருமாறும் அவர் வேண்டினார். அவ்வாறு சேர்ந்தவற்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஒப்படைத்தார். ஒன்றும் படிக்காமல் மேடையேறி முழங்குவோர் அந்த வாரத்தைக் கைப்பற்றுவதை அவர் வெறுத்தார். ஆண்டு முழுவதும் இந்த வரலாறு பாடமாகிவிட்டால், தனியாக ஒரு வாரமே வேண்டியிருக்காது என்பது அவர் எதிர்பார்ப்பு. 1950இல் அவர் மறைந்தார். 1976இல் வாரம் மாதமாக விரிந்தது. பிரிட்டனில் 1987 முதல் அக்டோபரில் கறுப்பின வரலாற்று மாதம் கடைப்பிடிக்கப்படுகிறது. இன்றைய விளம்பர நிறுவனங்கள் பிப்ரவரி பிறந்ததும் வெளியிடும் வண்ணச் சுவரொட்டிகளைப் பார்த்தால் உட்சன் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

மண்ணுக்கடியில் கிடந்தவை

நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில், பிராட்வே 290 என்ற முகவரியில் கூட்டரசு அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காக 1991இல் மண் தோண்டப்பட்டபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அது யாருடைய இடுகாடு என்பது மர்மமாக இருக்கவில்லை. 1755ஆம் ஆண்டு நிலப்படத்திலேயே அந்த இடம் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் எழுந்த கட்டடங்களின் அடித்தளங்கள் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்று திட்டமிட்டோர் கருதிவிட்டார்கள். உண்மையில் இருபது அடி அளவுக்குக் கொட்டப்பட்டிருந்த மண்ணே கல்லறைகளைக் காத்திருந்தது. 1690கள் முதல் 1794 வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், 15,000 ஆப்பிரிக்கர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். தென் மாநிலங்களுக்கே உரியது என்று பாடநூல்கள் பழக்கிவிட்ட அடிமைமுறை, வணிகத் தலைநகரின் அடியிலேயே கிடந்தது.

419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டபின், நகரத்துக் கறுப்பின மக்களின் கடும் எதிர்ப்பால் 1992இல் தோண்டும் பணி நிறுத்தப்பட்டது. எலும்புகளை யார் ஆராய்வது, என்ன கேள்விகளோடு ஆராய்வது, பிறகு அவற்றை என்ன செய்வது என்பவற்றில் வழித்தோன்றல் சமூகத்துக்கும் உரிமை உண்டு என்ற கோரிக்கை வென்றது. கறுப்பின மாணவர்களுக்கான பழைமையான கல்வி நிறுவனமான ஹோவர்டு பல்கலைக்கழகத்திடம், மானிடவியலாளர் மைக்கேல் பிளேக்கியின் தலைமையில், ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. 340 என்று எண்ணிடப்பட்ட கல்லறையில் இருந்த பெண்ணின் இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும் சில சோழிகளும் இருந்தன. முன்பற்கள் அராவி வடிவமைக்கப்பட்டிருந்தன. ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர் என்பதற்கு அந்தப் பற்கள் வலுவான சான்று. கடல் கடந்த பின்பும் யாரோ சிலர் அந்த மணிகளோடு அவரை வழியனுப்பியிருக்கிறார்கள். 25ஆம் கல்லறையில் இருந்த இளம்பெண்ணின் விலாவில் துப்பாக்கிக் குண்டு ஒன்று தங்கியிருந்தது. பலர் பன்னிரண்டு வயதைக்கூட எட்டாத குழந்தைகள்.

இங்கே தொடக்கநிலை வாசகர் கவனிக்க வேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு சவப்பெட்டியின் மூடியில் ஆணிகளால் இதய வடிவம் ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. அது மேற்கு ஆப்பிரிக்க அகான் மக்களின் ‘சங்கோஃபா’ (திரும்பிச் சென்று எடு) சின்னம் என்று விளக்கம் சொல்லப்பட்டு, நினைவிடத்திலும் இடம்பெற்றது. பின்னர் வரலாற்றாய்வாளர் ஒருவர், அக்காலத்து ஆங்கிலேயர் சவப்பெட்டிகளிலும் அத்தகைய இதயங்கள் காணப்படுவதால் அந்த முடிவு உறுதியானதல்ல என்று வாதிட்டார். சின்னம் மக்களுக்குத் தந்த பொருள் வேறு, சான்று தாங்கும் எடை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் சொல்லும் நினைவிடமே நம்பத்தக்கது.

அந்த நகரத்தில் 18ஆம் நூற்றாண்டில் அடிமைகளின் இறுதிச் சடங்குக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடக் கூடாது என்றும், இரவில் அடக்கம் செய்யக் கூடாது என்றும் சட்டம் இருந்தது. 2003 அக்டோபரில், கானா நாட்டில் செதுக்கப்பட்ட மரப்பெட்டிகளில் 419 பேரும், வழியில் பல நகரங்களில் மக்கள் அஞ்சலி செலுத்த, வாஷிங்டனிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு அதே மண்ணில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்கள். 2006இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பிரேசிலிலும் இதே கதை நடந்தது. ஏறத்தாழ 9 லட்சம் ஆப்பிரிக்கர்கள் வந்திறங்கியதாகக் கணக்கிடப்படும் ரியோ டி ஜெனிரோவின் வலோங்கோ துறைமுகத்தின் மேல், 1843இல் பேரரசியை வரவேற்பதற்காக வேறொரு துறை கட்டப்பட்டது. 2011இல் நகரச் சீரமைப்புப் பணிகளின்போது பழைய கற்தளம் வெளிவந்தது. 2017இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

எழுதப்படாதவை

ஜார்ஜியா, தென் கரோலைனா கடலோரத் தீவுகளில் வாழும் கல்லா கீச்சி மக்கள், நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பலர் கொண்டுவரப்பட்ட சமூகம். அவர்களுடைய பேச்சு சிதைந்த ஆங்கிலம் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். லொரென்சோ டௌ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1930களில் தீவு தீவாகச் சென்று ஒலிப்பதிவு செய்து, ஆப்பிரிக்க மொழிகளைக் கற்று ஒப்பிட்டு, அந்தக் கருத்தை 1949இல் வெளியிட்ட நூலால் தகர்த்தார். ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டாலி என்ற பெண் அவருக்கு ஐந்து வரிப் பாட்டு ஒன்றைப் பாடினார். அதன் பொருள் பாடியவருக்கே தெரியாது. சியரா லியோனிலிருந்து வந்திருந்த ஒரு மாணவர் அது மெண்டே மொழி என்று அடையாளம் கண்டார்.

பல பத்தாண்டுகளுக்குப் பின் ஜோசப் ஓபாலா, சிந்தியா ஷ்மிட் ஆகிய ஆய்வாளர்கள், சியரா லியோனைச் சேர்ந்த மொழியியலாளர் தசியெஃப் கொரோமாவோடு அந்தப் பதிவைச் சியரா லியோனின் ஊர்களில் ஒலிக்கவிட்டுத் தேடினார்கள். செனெஹுன் ங்கோலா என்ற சிற்றூரில் பெந்து ஜபாட்டி என்ற பெண் அதே பாட்டை அறிந்திருந்தார். இறந்தோருக்காகக் கல்லறையில் பெண்கள் நடத்தும் சடங்கில் பாடப்பட்டது அது. அமெரிக்காவில் அமீலியாவின் மகள் மேரி மோரன் அதைத் தாயிடம் கற்றுச் சிறுவர் பாட்டாக நினைவில் வைத்திருந்தார். 1997இல் அவர் அந்த ஊருக்கே சென்று சேர்ந்தார். காப்பகத்தில் இருந்த ஒலித்தட்டு மட்டும் போதியிருக்காது, இரு கரையிலும் பாட்டை விடாமல் பாடிய பெண்கள் மட்டும் இருந்திருந்தாலும் போதியிருக்காது. இதற்கிடையே 1942இல் ஹாரிஸ் நெக் மக்களின் நிலத்தை அரசு விமானத் தளத்துக்காக எடுத்துக்கொண்டதையும், அது அவர்களுக்குத் திரும்பாமல் வனவிலங்குக் காப்பிடமாகிவிட்டதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாட்டைக் காத்த சமூகத்துக்கு அதன் மண் மிஞ்சவில்லை.

பரணில் உள்ள பெட்டி

வாஷிங்டனில் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான தேசிய அருங்காட்சியகம், 2003இல் சட்டத்தால் உருவானபோது அதனிடம் ஒரு பொருள்கூட இல்லை. முதல் இயக்குநர் லானி பன்ச் 2008 முதல் ஊர் ஊராக முகாம்கள் நடத்தச் செய்தார். மக்கள் தம் வீட்டுப் பரணில் இருந்தவற்றைக் கொண்டுவந்தார்கள். வல்லுநர்கள் அவற்றை விளக்கி, பாதுகாக்கும் முறையையும் கற்றுக்கொடுத்தார்கள். கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே அந்தத் திட்டத்தின் அழகு. அடிமைமுறையிலிருந்து தானும் தப்பிப் பலரையும் தப்புவித்த ஹாரியட் டப்மனுக்கு விக்டோரியா அரசி அனுப்பிய சால்வை அந்த அருங்காட்சியகத்துக்கு வந்தது ஒரு தனிச் சேகரிப்பாளரின் கொடையாகத்தான்.

அங்கே கற்றுத்தரப்படுவன எளியவை. பழைய கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டி ‘லேமினேட்’ செய்யக் கூடாது. அதைப் பிறகு பிரிக்க முடியாது. அமிலமற்ற காகித உறையில், வெயிலும் ஈரமும் படாமல், வீட்டின் நடுப்பகுதியில் வைக்க வேண்டும். நிழற்படத்தின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் படத்தில் இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவிட வேண்டும். பெயர் எழுதப்படாத நிழற்படம், அதை அறிந்த கடைசி மனிதரோடு தன் பயனில் பாதியை இழந்துவிடுகிறது.

எடுத்துப் பாதுகாப்பதுதான் எப்போதும் சரி என்றும் இல்லை. அடிமைகளை இறக்குமதி செய்வது 1808 முதல் சட்டவிரோதமாக இருந்தும், 1860இல் 110 பேரை அலபாமாவின் மொபீல் நகருக்குக் கொண்டுவந்த குளோட்டில்டா கப்பலை, தடயம் தெரியாதிருக்க அதன் தலைவரே எரித்து மூழ்கடித்தார். அதில் வந்தவர்கள் விடுதலைக்குப் பின் நிலம் வாங்கி அமைத்த ஆப்பிரிக்காடவுன் என்ற ஊரில் அவர்கள் வழியினர் இன்றும் வாழ்கிறார்கள். எரிக்கப்பட்ட கப்பலின் எச்சம் 2019இல் உறுதிசெய்யப்பட்டபோது, அது அவ்வூரார் தலைமுறைதோறும் சொல்லிவந்ததை மெய்ப்பித்தது. மரம் மிகவும் நைந்திருப்பதால் தூக்கினால் சிதையும் என்றும், சேற்றிலேயே விட்டுக் காப்பதே நல்லது என்றும் நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். அதன் சில துண்டுகளும் அந்த மக்களின் கதையும் 2023இல் திறக்கப்பட்ட உள்ளூர் மரபு இல்லத்தில் இருக்கின்றன.

அட்லாண்டிக்கை மட்டும் பார்த்தால் இந்த வரலாறு பாதிதான். இந்தியப் பெருங்கடல் வழியாகவும் ஆப்பிரிக்கர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். குஜராத், கர்நாடகப் பகுதிகளின் சித்தி மக்களும், இலங்கையில் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் அவ்வழியில் வந்தவர்களே. சிரம்பியடியில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி அன்றாடப் பேச்சிலிருந்து போய்விட்டாலும் ‘மஞ்ஞா’ பாட்டுகளில் நிற்கிறது. மொரிசியசில் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலை 2008இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே சேர்ந்தது, தமிழர்கள் உள்ளிட்ட ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட். அடிமைமுறை ஒழிந்த பிப்ரவரி 1, ஒப்பந்தக் கூலிகள் வந்த நவம்பர் 2 ஆகிய இரு நாள்களும் அந்நாட்டில் பொது விடுமுறை.

தொடங்க விரும்புவோர் கப்பல் பயணங்களின் தரவுத்தளத்தில் ஒரு துறைமுகத்தின் பெயரை இட்டுப் பார்க்கலாம். ‘தொலைந்த நண்பர்கள்’ விளம்பரங்களும், ஷோம்பர்க் மையத்தின் நிழற்படங்களில் பெரும் பகுதியும் கட்டணமின்றிப் பார்வைக்குக் கிடைக்கின்றன. ஒரு விளம்பரத்தை முழுதாகப் படித்து, அதில் வரும் பெயர்களை 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தேடிப் பார்ப்பது நல்ல முதல் பயிற்சி.